கட்டிங் மெஷின் வாங்கினால் வீட்டிலிருந்தே வருமானமா? கடனுக்குக் கையெழுத்திடும் முன் போட வேண்டிய கணக்கு

புதுடெல்லி: தண்ணீர் பாட்டிலில் குழந்தையின் பெயர், திருமண வீட்டு இனிப்புப் பெட்டியில் மணமக்களின் பெயர், தோழிக்குப் பரிசளிக்கும் காபி கோப்பையில் அவருடைய செல்லப் பெயர். சாதாரணப் பொருளின் மேல் ஒரு பெயர் ஏறியதும் அதன் விலையும் ஏறிவிடுகிறது. இந்த விலை வேறுபாட்டை நம்பி, அச்சுப்பொறி அளவே உள்ள ‘கட்டிங் மெஷின்’ ஒன்றை வீட்டு மேசையில் வைத்துப் பக்க வருமானம் தேடுவோர் நாட்டின் பல நகரங்களிலும் உள்ளனர். இல்லத்தரசிகள், கல்லூரி மாணவர்கள், மாதச் சம்பளக்காரர்கள் எனப் பலரையும் இந்தத் தொழில் ஈர்க்கிறது.

மெஷினை வாங்குவது இதில் எளிதான பகுதி. வாங்கிய பிறகு ஒரு மணி நேர உழைப்புக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு விற்பனை விளம்பரங்களில் விடை கிடைப்பதில்லை. சேமிப்பையோ கடனையோ இதில் போட நினைப்பவர்கள் அந்த விடையை முதலில் தேடுவது நல்லது.

மெஷின் செய்வது என்ன?

சாலையோர ‘ரேடியம் ஸ்டிக்கர்’ கடைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல. அங்கே சுமார் 2 அடி அகலத்தில் நிற்கும் கட்டிங் பிளாட்டரின் சிறிய வடிவம்தான் வீட்டு மேசைக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தைச் சேர்ந்த கிரிகட், சில்லூயெட் ஆகிய நிறுவனங்களும் ஜப்பானின் பிரதர் நிறுவனமும் இத்துறையில் அறியப்பட்ட பெயர்கள். பெரும்பாலான வீட்டு மாடல்கள் 12 அங்குல அகலமுள்ள தாளை ஏற்கின்றன.

கணினியில் வரைந்த கோட்டைப் பின்பற்றி ஒரு நுண்ணிய கத்தி நகர்கிறது. உருளைகள் தாளை முன்னும் பின்னும் இழுக்க, கத்தி இடமும் வலமும் ஓடுகிறது. இரண்டு அசைவுகளும் சேர்ந்து எந்த வளைவையும் வெட்டிவிடும். ஸ்டிக்கர் செய்யும்போது கத்தி மேலே உள்ள வினைல் படலத்தை மட்டும் வெட்ட வேண்டும். அடியில் உள்ள காகிதத்தைத் தொடக் கூடாது. அழுத்தம் சற்றுக் கூடினால் காகிதமும் கிழிகிறது. குறைந்தால் எழுத்து பிரிந்து வராது. புதியவர்கள் முதல் சில வாரங்களில் வீணாக்கும் தாள்களில் பெரும்பகுதி இந்த ஓர் அளவைக் கண்டுபிடிப்பதிலேயே போய்விடும்.

மெஷின் நின்ற பிறகு கைவேலை தொடங்குகிறது. எழுத்துகளைச் சுற்றியுள்ள வேண்டாத வினைலை ஊசி முனையாலும் சாமணத்தாலும் பிரித்தெடுக்க வேண்டும். தொழிலில் இதை ‘வீடிங்’ என்கிறார்கள். பயிருக்கு நடுவே செய்யும் அதே களையெடுப்புதான். பிறகு ஒட்டும் தன்மை குறைந்த டிரான்ஸ்ஃபர் டேப்பை மேலே ஒட்டி, எழுத்துகளை வரிசை குலையாமல் எடுத்து பாட்டிலில் பதிக்க வேண்டும்.

துணிக்கான வினைல் வேறு வகை. அதில் வடிவத்தைக் கண்ணாடி பிம்பம்போல் இடவலம் மாற்றி வெட்டி, ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 10 முதல் 15 விநாடிகள் அழுத்த வேண்டும். துல்லியமான அளவு தாளுக்குத் தாள் மாறும் என்பதால் தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்த்தாக வேண்டும். வீட்டு இஸ்திரிப் பெட்டியிலும் ஒட்டலாம். ஆனால் சூடு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவாததால் சில துவைப்புகளிலேயே ஓரம் தூக்கிக்கொள்ள வாய்ப்புண்டு.

பெயர்ப் பலகைக்கான அக்ரிலிக், கெட்டியான எம்டிஎஃப் பலகை போன்றவை கத்தி மெஷினுக்கு அடங்காதவை. உயர்ரக மாடல்களிலும் கத்தி ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் தடிமன் வரையிலான அட்டை, மென்மரம் போன்றவற்றோடு நின்றுவிடும். அதற்கு மேல் லேசர் மெஷின் தேவை. வழக்கமான வினைல் ஸ்டிக்கர் பிவிசி என்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக்கால் ஆனது. அதை லேசரில் வைத்தால் நச்சு வாயு வெளியாகும். எனவே ‘இரண்டும் ஒரே வேலைதானே’ என்று ஒன்றின் தாளை மற்றொன்றில் போட்டுப் பார்ப்பது ஆபத்தானது.

கூலி எங்கே கரைகிறது?

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். பள்ளிக் குழந்தைக்கான 24 பெயர் ஸ்டிக்கர்கள் அடங்கிய ஒரு தொகுப்பு ரூ.250-க்கு விற்கப்படுவதாகக் கொள்வோம். வினைல், டேப் ஆகியவற்றுக்கு ரூ.40, உறைக்கு ரூ.15, கூரியருக்கு ரூ.50, கத்தி மற்றும் பாய்த் தேய்மானத்துக்கு ரூ.5 என ரூ.110 செலவு. கையில் ரூ.140 மிஞ்சும்.

இதற்கு ஆகும் நேரத்தையும் பார்க்க வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டலையும் நிறத்தையும் வாட்ஸ்அப்பில் பேசி முடிக்க 10 நிமிடம், வடிவமைக்க 10, வெட்ட 10, களையெடுக்க 20, கட்டி அனுப்ப 10 என ஒரு மணி நேரம் ஓடிவிடும். ரூ.30,000-க்கு வாங்கிய மெஷினில் மாதம் 25 வீதம் 2 ஆண்டுகளில் 600 ஆர்டர்கள் செய்தால், ஓர் ஆர்டருக்கு மெஷினின் பங்கு ரூ.50. அதையும் கழித்தால் ஒரு மணி நேரத்துக்குக் கூலி ரூ.90 மட்டுமே. வாடிக்கையாளர் ‘எழுத்து தவறு’ என்று திருப்பி, அதே தொகுப்பை மீண்டும் செய்து அனுப்ப நேர்ந்தால் ரூ.20 நட்டத்தில் முடியும். இரண்டு மணி நேர உழைப்பும் இலவசம்.

இதே மெஷினில் வேறொரு வேலையைப் பார்ப்போம். ஒரு திருமணத்துக்கான பரிசுப் பைகளில் கட்ட, மணமக்களின் பெயரும் தேதியும் கொண்ட 100 அட்டைகள், அட்டைக்கு ரூ.12 வீதம் ரூ.1,200. வீட்டு அச்சுப்பொறியில் அச்சிட்டு, தாளில் உள்ள குறியீடுகளை மெஷினின் சென்சார் படித்து வெட்டும் முறையில் இதைச் செய்யலாம். மை உள்பட 10 தாளுக்கு ரூ.150, நூல் மற்றும் உறைக்கு ரூ.100, கூரியருக்கு ரூ.80 என வைத்துக்கொண்டால் மிச்சம் ரூ.870. பேச்சுக்கும் வடிவமைப்புக்கும் 40 நிமிடம், வெட்ட 50 நிமிடம், நூல் கோக்க 1 மணி நேரம். மெஷினின் பங்கைக் கழித்த பிறகும் மணிக்கு ரூ.320-க்கு மேல் நிற்கிறது.

விலைகள் ஊருக்கு ஊர் மாறும்; ஆனால் இரண்டு ஆர்டர்களுக்கும் உள்ள இடைவெளி எங்கும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். வாடிக்கையாளருடன் பேசுவதும் வடிவமைப்பதும் ஒருமுறை நடக்கும் வேலைகள். அவை 1 பொருளின் தலையில் விழுகின்றனவா, 100 பொருள்களுக்குப் பிரிகின்றனவா என்பதே லாபத்தைத் தீர்மானிக்கிறது. தனித்தனி ஆர்டர்களையே எடுப்பவர் நாள் முழுக்க உழைத்தும் மாதக் கடைசியில் திகைப்பதற்குக் காரணம் இதுதான். தனி ஆர்டர் எடுப்பவர்கள் முன்பணமும், மாதிரிப் படத்துக்கு எழுத்து மூலமான சம்மதமும் பெறாமல் கத்தியை ஓடவிடக் கூடாது. பெயர் வெட்டிய பொருளை வேறொருவருக்கு விற்க முடியாது.

தாய்மொழியில் பெயர் வேண்டும் என்றால்…

பெரிய இணையதளக் கடைகளில் தனிப்பெயர்ப் பொருள்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் கிடைக்கின்றன. இந்தியில், வங்காளத்தில், தமிழில் பெயர் கேட்பவருக்குத் தெரிவு குறைவு. வீட்டிலிருந்து தொழில் செய்பவர் பெரிய நிறுவனத்தோடு விலையில் போட்டியிட முடியாது; இந்த இடத்தில் முடியும். ஆனால் அதற்குச் சிறிது பயிற்சி தேவை.

இந்திய எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து உருமாறுபவை. மெஷினுடன் வரும் மென்பொருள் அந்தச் சேர்க்கையைப் புரிந்துகொள்ளாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இன்க்ஸ்கேப் போன்ற இலவச வரைகலை மென்பொருளில் பெயரைத் தட்டச்சு செய்து, எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகச் சேமித்துக் கொடுத்தால் இச்சிக்கல் தீரும்.

அடுத்த சிக்கல் எழுத்தின் உடலில் இருக்கிறது. தேவநாகரியில் ஒவ்வோர் எழுத்தின் தலைக்கோடும் அடுத்த எழுத்தின் தலைக்கோட்டின் மேல் ஏறி நிற்கும். கண்ணுக்கு அது ஒரே கோடு. கத்திக்கு அது இரண்டு தனி வடிவங்கள். அவற்றை மென்பொருளில் ஒன்றாக இணைக்காமல் அனுப்பினால், பெயரின் தலைக்கோடு துண்டு துண்டாக வெட்டுப்பட்டு வரும். தமிழில் தொல்லை தருவது புள்ளி. ‘கார்த்திக்’ என்று வெட்டினால் மூன்று புள்ளிகள் எழுத்தைத் தொடாமல் தனியே நிற்கின்றன. களையெடுக்கும்போது முதலில் காணாமல் போவது அவைதான். புள்ளியைச் சற்றுப் பெரிதாக்குவதும், சிறிய அளவுகளில் தடித்த எழுத்துருவைத் தேர்வதும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பல எழுத்துருக்கள் ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற நிபந்தனையுடன் வருபவை. கூகுளின் நோட்டோ வரிசை போன்ற திறந்த உரிம எழுத்துருக்களை விற்பனைப் பொருள்களிலும் பயன்படுத்தலாம். நோட்டோவில் இந்தியாவின் முக்கிய எழுத்து முறைகள் அனைத்தும் உள்ளன.

பருவம் பார்த்து விதைக்க வேண்டும்

இந்த வருமானம் மாதச் சம்பளம்போல் சீராக வருவதில்லை. பள்ளி திறப்பு, ரக்ஷா பந்தன், நவராத்திரி, தீபாவளி, திருமண மாதங்கள் என்று அலையலையாக வரும். தமிழகத்தில் மார்கழியில் திருமணம் நடக்காததுபோல, வட மாநிலங்களில் டிசம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரையிலான ‘கர்மாஸ்’ காலத்தில் திருமணங்கள் இல்லை. ஆடி தொடங்கும் காலத்திலிருந்து கார்த்திகை ஏகாதசி வரை நீளும் ‘சாதுர்மாஸ்’ காலமும் அங்கே பெரும்பாலும் அப்படியே. பள்ளி ஆண்டு வடக்கே பல இடங்களில் ஏப்ரலிலும் தமிழகம், கேரளத்தில் ஜூனிலும் தொடங்குகிறது. இரு பகுதிகளுக்கும் அனுப்பத் தயாராக இருப்பவருக்குப் பெயர் ஸ்டிக்கர் பருவம் இருமுறை கிடைக்கும்.

விழா அலங்காரம் செய்பவர்கள் ஒரு தடையை நினைவில் வைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தடைப் பட்டியலில், பிளாஸ்டிக் கொடிகள், பலூன் குச்சிகள், அலங்காரத் தெர்மாகோல், 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனர்கள், அழைப்பிதழ்கள் மேல் சுற்றும் பிளாஸ்டிக் படலம் ஆகியவை உள்ளன. பிறந்தநாள் அலங்காரத்தில் வழக்கமாக இடம்பெறும் பாதிப் பொருள்கள் இதில் அடங்கிவிடுகின்றன. கெட்டித் தாளில் வெட்டும் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது ஒருவகையில் வாய்ப்பும்கூட. கோப்பையில் பெயர் ஒட்டுபவர்கள் உதடு படும் விளிம்பையும் உட்புறத்தையும் தவிர்ப்பது அவசியம்; சாதாரண வினைல் உணவோடு தொடர்பில் இருப்பதற்கான பொருள் அல்ல.

எதை வெட்டக் கூடாது?

வாடிக்கையாளர்கள் அதிகம் கேட்பவை கார்ட்டூன் பாத்திரங்களும் கிரிக்கெட் அணிகளின் சின்னங்களும்தான். சட்டச் சிக்கல் அதிகமாக இருப்பதும் அவற்றில்தான். பதிப்புரிமைச் சட்டம் 1957, வணிக முத்திரைச் சட்டம் 1999 ஆகிய இரண்டின்படியும், அனுமதியின்றி இவற்றை விற்பனைப் பொருளில் பயன்படுத்துவது 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றமாகலாம். ‘ஒன்றிரண்டுதானே செய்தேன்’ என்பது விலக்கு ஆகாது.

சுதந்திர தின ஆர்டர்களிலும் கவனம் தேவை. மெத்தை உறை, கைக்குட்டை, நாப்கின், உடைத் துணி ஆகியவற்றில் தேசியக் கொடியை அச்சிடுவதைத் தேசிய கௌரவத்தை அவமதிப்பதைத் தடுக்கும் சட்டம் 1971 தடை செய்கிறது. வாகன எண் எழுத்துகளை வெட்டித் தரும் வேலையும் முன்போல் இல்லை. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்படும் வாகனங்களுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயம் என்பதால் அவற்றுக்கு ஸ்டிக்கர் எண் செல்லாது. குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் பிஐஎஸ் தரச் சான்று தேவை.

‘கையால் செய்தது’ என்ற முத்திரையும் யோசித்து இடவேண்டியது. உத்தரப் பிரதேசத்தின் மதுரா, பிருந்தாவனம் பகுதிகளில் கிருஷ்ணர் கோயில் அலங்காரத்துக்காக வளர்ந்த ‘சாஞ்சி’ கலையில், கலைஞர்கள் சிறு கத்தரிக்கோலால் காகிதத்தை நுணுக்கமாக வெட்டி அச்சுத் தாள்களை உருவாக்குகிறார்கள். ஒரு மெஷின் அந்த வடிவத்தைச் சில நிமிடங்களில் நகலெடுத்துவிடும். அதைக் கைவேலை என்று விற்பது வாங்குபவரையும் அந்தக் கலைஞரையும் ஒருசேர ஏமாற்றுவதாகும்.

வரியும் அரசு வேலையும்

பொருள் விற்பனைக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டுக்கு ரூ.40 லட்சம். அதை நம்பி அலட்சியமாக இருப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்றால், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பொதுவாகப் பதிவு கட்டாயம். ஜெய்ப்பூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் ரூ.250 பார்சலுக்கும் இது பொருந்தும். முதன்மையாகக் கையால் செய்யப்படும் குறிப்பிட்ட கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு. மெஷினில் வெட்டிய ஸ்டிக்கரும் அதில் சேரும் என்று தானாக முடிவு செய்துவிடக் கூடாது. சொந்த மாநிலத்துக்குள் மட்டும் இணையதளச் சந்தைகள் வழியாக விற்கும் சிறு வியாபாரிகளுக்கு, 2023 அக்டோபர் 1 முதல் ஜிஎஸ்டி பதிவின்றி, பான் எண் அடிப்படையிலான சேர்க்கை எண்ணுடன் விற்கும் வசதி தரப்பட்டுள்ளது.

சம்பளத்துடன் இந்த வருமானமும் வருமான வரிக் கணக்கில் இடம்பெற வேண்டும். சிறு வணிகர்களுக்கான அனுமான வரி முறையில், விற்றுமுதலில் குறைந்தது 8 சதவீதத்தை, வங்கி மற்றும் டிஜிட்டல் வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். ஒவ்வொரு செலவுக்கும் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டிய சுமை இதனால் குறைகிறது.

மத்திய அரசு ஊழியர்கள் முன்அனுமதியின்றி வணிகத்தில் ஈடுபடுவதை 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. மனைவி அல்லது கணவர் பெயரில் நடத்தினாலும், குடும்ப உறுப்பினர் வணிகம் செய்வதை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே விதிகள் கூறுகின்றன. தனியார் ஊழியர்கள் தங்கள் பணி ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மெஷின் வாங்கும் முன்

ரூ.50,000 வரையிலான முத்ரா ‘சிஷு’ கடனுக்குப் பிணை தேவையில்லை. சிறு தொழில் என்பதற்கான உத்யம் பதிவை ஆதார் எண் கொண்டு அரசின் இணையதளத்தில் கட்டணமின்றிச் செய்யலாம். அதற்குப் பணம் கேட்பவர்கள் இடைத்தரகர்கள். பாரம்பரியக் கைவினைஞர்களுக்கான பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் இது இடம்பெறவில்லை.

‘மெஷினையும் மூலப்பொருளையும் எங்களிடம் வாங்குங்கள், நீங்கள் செய்து தருவதை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்’ என்ற விளம்பரங்களே இதில் பெரிய அபாயம். ஊதுபத்தி, காகிதத் தட்டு, விளக்குத் திரி மெஷின்களை வைத்து நாட்டின் பல பகுதிகளில் நடந்த அதே உத்தி இது. முதல் ஒன்றிரண்டு தவணை சரக்கை வாங்குவார்கள். பிறகு ‘தரம் சரியில்லை’ என்று திருப்புவார்கள். பிறகு தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். உண்மையாகவே சந்தை வைத்திருப்பவர் மெஷின் விற்றுச் சம்பாதிக்க வேண்டியதில்லை.

மென்பொருளும் கவனிக்க வேண்டிய செலவு. சொந்தமாக வரைந்த வடிவங்களை மெஷின் ஏற்குமா, இணைய இணைப்பு இல்லாமல் இயங்குமா, மாதச் சந்தா உண்டா என்று வாங்கும் முன்பே கேட்க வேண்டும். 2021 மார்ச்சில் கிரிகட் நிறுவனம், சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 வடிவங்களை மட்டுமே பதிவேற்றலாம் என்று அறிவித்தது. பயன்பாட்டாளர்களின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு அதைக் கைவிட்டது. காசு கொடுத்து வாங்கிய மெஷினின் பயன் நிறுவனத்தின் ஓர் அறிவிப்பால் சுருங்கிவிடக்கூடும் என்பதை அந்த நிகழ்வு காட்டியது. கத்தியும் பாயும் உள்ளூரில் கிடைக்கின்றனவா, பழுது பார்க்கும் மையம் எந்த ஊரில் உள்ளது என்பவையும் விலையின் பகுதிகளே.

மெஷின் இல்லாமலே சந்தையைச் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. வடிவத்தை வீட்டுக் கணினியில் தயாரித்து, அருகிலுள்ள ரேடியம் ஸ்டிக்கர் கடையில் கூலி கொடுத்து வெட்டி வாங்கலாம். அட்டையும் வினைலும் டெல்லியின் சாவ்ரி பஜார், மும்பையின் கிராஃபர்டு மார்க்கெட் போன்ற மொத்தச் சந்தைகளில் குறைந்த அளவிலும் கிடைக்கின்றன. களையெடுத்து ஒட்டுவதை வீட்டில் செய்துகொள்ளலாம். இந்த முறையில் 20, 30 ஆர்டர்களை முடித்து, ஒவ்வொன்றுக்கும் ஆன நிமிடங்களையும் ரூபாயையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், மாதம் 25 ஆர்டர்கள் வருமா, அவற்றில் எத்தனை மொத்த ஆர்டர்கள் என்பது தெரிந்துவிடும். கடைக்குக் கொடுக்கும் வெட்டுக் கூலி மாதத் தவணையைவிட அதிகமாகும்போது மெஷினுக்கு விலை கேட்கத் தொடங்கலாம்.